வெக்கையும் கோமாரியும்: மலையகக் கால்நடைத் தொற்றுநோய் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1. பிரச்சினை

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். துரைமார், கங்காணிமார், தொழிலாளர் ஆகியோரிடையே நிலவிய உறவுகள் பற்றியும் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைப் பறிப்புப் பற்றியும் இன்று கணிசமான ஆய்வுகள் உள. ஆயின் லயத்தின் பின்புறத்தே தகரக் கூரையின்கீழ்க் கட்டப்பட்டிருக்கும் மாடு இவ்வாய்வுகளில் இடம்பெறுவதில்லை. பண்ணைப் புள்ளிவிவரங்களிலே கறவையாகவும், மாரியம்மன் திருவிழா பற்றிய கட்டுரைகளிலே வழிபாட்டுப் பின்னணியாகவும் அது வந்துபோகும். உற்பத்திச் சாதனம் என்ற முறையிலும், தொழிலாளர் குடும்பமொன்று சம்பளத்துக்கு அப்பால் தனதென்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே சொத்து என்ற முறையிலும் அது ஆராயப்பட்டதில்லை.

அக்கரப்பத்தனை இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், மகாவலியின் தலைநீர்களுள் ஒன்றான ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கில் அமைந்த இப்பிரதேசத்தில் டயகம, டொரிங்டன், வேவர்லி, கிளாஸ்கோ, பல்மோரல், ஹோல்ம்வூட் முதலிய தோட்டங்கள் உள்ளன. ஊர்ப்பெயரின் பிற்பகுதியாகிய 'பத்தனை' என்பது மலைப்புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் வழி வந்தது. அயலிலுள்ள போப்பத்தலாவையின் பெயரிலும் வெட்டவெளியைக் குறிக்கும் சொல் உண்டு. அதாவது, தேயிலை படர்வதற்கு முன்னர் இந்நிலம் புல் விளைந்த நிலம் என்பதை ஊர்ப்பெயர்களே நினைவிற் கொண்டுள்ளன. புல் இருந்த இடம் தேயிலையாயிற்று. தேயிலைக்கு வந்த மக்கள் புல்லைத் தேடி ஓடைக்கரைக்கும் பாதையோரத்துக்கும் செல்லலாயினர். இம்முரண்பாடு எமது கட்டுரையின் பின்னணியாகும்.

கால்நடைக்குத் தொற்றுநோய் வருவது இயற்கையின் நிகழ்வு. அதனை நோயென்று கண்டறிவதோ சமூகச் செயல். யார் முதலிற் காண்கிறார், யார் பெயரிடுகிறார், யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பன உற்பத்தி உறவுகளாலே நிர்ணயிக்கப்படுகின்றன. காண்பதற்கும் ஏற்கப்படுவதற்கும் இடைப்பட்ட காலமே தொற்று பரவும் காலமுமாகும். இவ்வெடுகோளை இலங்கையின் இரு பெரும் மாட்டுநோய்களின் வரலாற்றைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே எமது நோக்கம்.

2. நோயின் தன்மை

தமிழகத்தில் வெக்கை என்று வழங்கப்பட்ட நோயை ஐரோப்பியர் றிண்டர்பெஸ்ற் என்றனர். ஜேர்மன் மொழியில் 'மாட்டுக் கொள்ளைநோய்' என்பது அதன் பொருள். அதனை உண்டாக்கிய வைரசு மனிதரைப் பற்றும் சின்னமுத்து வைரசின் நெருங்கிய உறவாகும். நோயுற்ற மாட்டின் கண்ணீர், மூக்குநீர், எச்சில், சாணம் ஆகியவற்றிலிருந்து அண்டையிலுள்ள மாட்டுக்கு அது தொற்றும். வைரசு உட்புகுந்தபின் மூன்று முதல் பதினைந்து நாள்வரை வெளியடையாளம் எதுவும் தோன்றாது. பின்னர் கடுங்காய்ச்சல் காணும், மாடு அசைபோடுவதை நிறுத்தும், பால் வற்றும், கண்ணும் மூக்கும் ஒழுகும். சில நாட்களில் ஈறு, உதட்டின் உட்புறம், நாக்கு ஆகியவற்றில் தவிடு தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றி, உரிந்து, புண்ணாகும். அதனையடுத்து நீராகவும் இரத்தங் கலந்தும் கழிச்சல் தொடங்கும். உடலின் நீர் வற்றி, காய்ச்சல் கண்டு ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுள் மாடு மடியும். முன்னர் இந்நோயைக் கண்டிராத மந்தையிற் பத்துக்கு ஒன்பது மாடுகளும் இறக்கக்கூடும். தப்பிய மாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் இந்நோய் மீண்டும் வராது.

கோமாரி என்றும், கால்வாய் நோய் என்றும் நாம் இன்று குறிப்பிடுவது வேறொரு வைரசால் வருவது. அது காற்றிலும், பாலிலும், மனிதரின் கையிலும் காலிலும், கயிற்றிலும் வாளியிலும் ஏறிப் பயணம் செய்யவல்லது. இரண்டு முதல் பதினான்கு நாட்களுள் காய்ச்சல் தோன்றும். நாக்கிலும் ஈறுகளிலும், குளம்பின் பிளவிலும், மடிக்காம்பிலும் நீர்க்கொப்புளங்கள் எழுந்து உடையும். மாடு நூல்நூலாக எச்சில் வடிக்கும், வாயைச் சப்புக்கொட்டும், நொண்டும். வளர்ந்த மாடு இறப்பது அரிது. இளங்கன்று இதயத்தசை பாதிக்கப்பட்டுத் திடீரென மடியும். பால் குறைவது மாதக்கணக்கில் நீடிக்கும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே பாலிலும் மூச்சிலும் வைரசு வெளிப்படத் தொடங்கிவிடுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. 'நோய் கண்டபின் ஒதுக்கிவைத்தல்' என்ற மரபான முறை இந்நோயிடத்துத் தோல்வியடைவதற்கு இதுவே காரணம்.

இவ்விரு நோய்களின் காரணிகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் கண்டறியப்பட்டன. 1898 இல் லெஃப்லரும் ஃபுரோஷும் கால்வாய் நோயின் காரணி பற்றீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியினூடே செல்லவல்லது என நிறுவினர். விலங்குகளைப் பற்றும் வைரசு ஒன்று முதன்முதலாக அறியப்பட்டது அப்போதேயாகும். 1902 இல் நிக்கோலும் அடில் பேயும் கொன்ஸ்தாந்திநோபிளில் வெக்கைக்கும் அவ்வாறே காட்டினர். ஆயினும் நோயைத் தடுக்கும் நடைமுறை இவ்வறிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1711 இற்குப் பின்னர் இத்தாலியைத் தாக்கிய மாட்டுக்கொள்ளையின்போது பாப்பரசரின் வைத்தியர் லான்சிசி நடமாட்டத் தடையையும் கொன்றழித்தலையும் பரிந்துரைத்தார். பிரான்சின் லியோன் நகரில் 1762 இல் முதலாவது மிருக வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டதற்கும் இந்நோயே தூண்டுதலாயிற்று. மாடு உழைப்புச் சக்தியாகவும் மூலதனமாகவும் இருந்த சமூகத்தில் அதன் சாவு அரசின் கவலையாயிற்று.

3. கோப்பித் தோட்டமும் மாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் மாட்டின் முதுகின்மீதே நின்றது. அரிசி மலையேறியதும் கோப்பி மலையிறங்கியதும் மாட்டுவண்டியில். கொழும்பு–கண்டி இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1867 இல் ஆகும். அது நாவலப்பிட்டியை 1874 இலும், ஹட்டனை 1884 இலும், நானுஓயாவை 1885 இலும் எட்டிற்று. அதற்கு முற்பட்ட காலத்தில் ஒவ்வொரு மூடையும் வண்டிப்பாதையிலே சென்றது. தோட்டத்தினுள்ளும் மாட்டுக்கு வேறொரு பணி இருந்தது. செங்குத்தான சரிவுகளிற் காடழித்து நட்ட கோப்பி, சில ஆண்டுகளில் மண்ணின் சாரத்தை உறிஞ்சிவிடும். அதனை ஈடுசெய்யச் சாணம் தேவைப்பட்டது. 1866 இல் வெளிவந்த சபொனாடியரின் கோப்பிச் செய்கைக் கைநூல் மாட்டுத்தொழுவத்தையும் எருவையும் தோட்ட நிர்வாகத்தின் ஒரு கூறாகவே கருதுகிறது. தோட்டத்துரையின் கணக்கிலே மாடு எரு உற்பத்திப் பொறியாகவும் இழுவைப் பொறியாகவும் எழுதப்பட்டது.

இவ்வமைப்பின் பலவீனம் வெளிப்படையானது. வண்டிமாடுகள் நெடுந்தூரம் நடந்து, இரவில் ஒரே தரிப்பிடத்தில் நெருங்கிக் கட்டப்பட்டு, ஒரே தொட்டியில் நீரருந்தின. பட்டினியாலும் உழைப்பாலும் நலிந்த உடல், நெருக்கம், இடைவிடா நடமாட்டம் ஆகிய மூன்றும் வெக்கைக்கு வேண்டிய சூழலை ஆக்கித் தந்தன. வைரசு இயற்கையின் படைப்பாயினும், அது ஓடிய பாதை கோப்பி மூலதனம் வெட்டிய பாதையாகும்.

நுவரெலியாவில் 1848 இல் குடியேறிப் பண்ணையமைத்த சாமுவேல் பேக்கர், 1855 இல் வெளியிட்ட நூலில், சில நாட்களுள் 26 கொழுத்த எருதுகள் ஒரு கொள்ளைநோயால் மடிந்த செய்தியைக் கூறுகிறார். நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. அடையாளங்களையும் விவரிக்கவில்லை. நட்டத்தின் எண்ணிக்கை மட்டும் துல்லியமாக உள்ளது. அம்மாடுகளை மேய்த்தவர் யார், எந்த மாடு முதலில் அசைபோட மறுத்தது என்பதை எவர் கண்டார் என்பன நூலில் இல்லை. காலனித்துவ ஆவணங்களை வாசிக்கும்போது இம்மௌனத்தையும் ஓர் ஆதாரமாகக் கொள்ளவேண்டும். மாடு சொத்தாக இருக்கும்போது பதிவு எண்ணாக இருக்கும். மாட்டோடு வாழ்ந்தவனின் அறிவு அப்பதிவினுள் நுழைவதில்லை.

1869 இல் இலைத்துரு நோய் முதலில் அவதானிக்கப்பட்டு, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்திற்று. ஒரே பயிரை மலைமலையாக நட்டதன் விளைவு அது. கோப்பிக்கு இலைத்துரு எவ்வாறோ, வண்டிமாட்டுக்கு வெக்கை அவ்வாறே. ஓரினத்தை அடர்த்தியாகத் திரட்டி இலாபத்துக்கென விரைந்து இயக்கும் உற்பத்திமுறை, தொற்றுக்குத் தானே களம் அமைக்கிறது. ஆயினும் கோப்பியின் வீழ்ச்சி நூல்நூலாக எழுதப்பட்டது. வண்டிக்காரனின் எருது வீழ்ந்தது எழுதப்படவில்லை.

மலைக்கு வந்த தொழிலாளர் இந்நோயை அறியாதவர் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர். 1876 முதல் 1878 வரையான தாது வருடப் பஞ்சம் மனிதரோடு மாட்டையும் கொன்றது. ஏர்மாட்டை இழந்த உழவன் நிலத்தை இழக்கிறான். நிலத்தை இழந்தவன் கங்காணியின் முன்பணத்தைக் கைநீட்டி வாங்குகிறான். மாட்டின் சாவுக்கும் கூலியாளின் பிறப்புக்கும் இடையேயுள்ள இத்தொடர்பு ஆபிரிக்காவில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1880களின் இறுதியில் எரித்திரியாவினூடாகப் புகுந்த வெக்கை, 1896–97 இல் தென்னாபிரிக்காவை அடைந்தது. சில பகுதிகளில் பத்துக்கு ஒன்பது மாடுகள் மடிந்தன. எத்தியோப்பியா பெரும் பஞ்சத்தில் வீழ்ந்தது. தெற்கே மந்தையை இழந்த இடையர் சுரங்கங்களுக்கும் வெள்ளையர் பண்ணைகளுக்கும் கூலிகளாகச் சென்றனர்.

4. அரசும் சட்டமும்

1865 இல் பிரித்தானியாவை வெக்கை தாக்கியபோது ஆளும் வர்க்கம் அதிர்ந்தது. இந்தியாவிலும் ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு 1871 இல் அறிக்கை வெளிவந்தது. பின்னர் பூனாவில் தொடங்கிய பற்றீரியவியல் ஆய்வுகூடம் 1893 இல் இமயத்தின் முக்தேசருக்கு மாற்றப்பட்டது. ரொபேட் கொக் 1897 இல் அங்கு சென்றார். 1920களில் எட்வேட்ஸ், ஆட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குறைத்த வைரசைத் தடுப்பூசியாக்கியது அந்நிறுவனத்திலேயாகும். இவ்வறிவியற் சாதனைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றைத் தூண்டிய தேவை எது என்பதே கேள்வி. படைக்கு இழுவைமாடும், நிலவரிக்கு ஏர்மாடும் வேண்டியிருந்தன.

இலங்கையில் 1909 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விலங்குத் தொற்றுநோய்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நோயை அறிவித்தல், ஒதுக்கிவைத்தல், நடமாட்டத்தைத் தடைசெய்தல், கொன்றழித்தல் முதலியன இத்தகைய சட்டங்களின் அடிப்படைகளாகும். அவை நடைமுறையில் என்ன பொருள்பட்டன என்பதை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக 1908 முதல் 1911 வரை பணியாற்றிய லெனாட் வூல்ஃபின் நாட்குறிப்பும் தன்வரலாறும் காட்டுகின்றன. அவர் காலத்தில் அம்மாவட்டத்தில் வெக்கை பரவிற்று. மாடுகளைக் கட்டிவைக்குமாறு ஆணையிடப்பட்டது. கட்டாது திரிந்தவை சுடப்பட்டன. வூல்ஃபே துப்பாக்கியுடன் சென்றார். ஊரவர் வெறுத்தனர்.

இவ்வெறுப்பை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சற்று நிதானித்துப் பார்ப்போம். சேனைக்காரனின் எருமை மேய்ந்து வாழ்வது. அதனைக் கட்டிவைத்தால் புல் அறுத்துப் போட ஆள்வேண்டும். நீர் சுமக்க ஆள்வேண்டும். வறட்சிப் பிரதேசத்தில் அது இயலாத காரியம். கட்டினாற் பட்டினியாற் சாகும், அவிழ்த்தாற் குண்டாற் சாகும் என்ற நிலையில் மனிதன் எதைத் தெரிவான்? நோய் பற்றிய அரசின் கணிப்புச் சரியானதே. நெருக்கத்தைக் குறைத்தாற் சங்கிலி அறும் என்பது உண்மை. ஆனால் அவ்வுண்மையின் செலவு முழுவதும் ஏழையின் தலையிற் சுமத்தப்பட்டது. 1913 இல் வெளிவந்த தமது நாவலில் காட்டுக் கிராமமொன்றின் அழிவைச் சித்திரித்த வூல்ஃப், ஏகாதிபத்திய அலுவலன் என்ற தம் பாத்திரத்தையே ஐயுறத் தொடங்கியவர். அவ்வையத்துக்கு நிலமமைத்த அனுபவங்களுள் இந்நோய்க்காலமும் ஒன்றென்று கொள்ளல் பொருந்தும்.

இதே காலத்தில் மண்டபம் முகாமில் மலைநாட்டுக்கு வரும் தொழிலாளர் கொலராவுக்கும் பெரியம்மைக்கும் அஞ்சித் தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். மந்தையைப் பட்டியில் அடைத்துப் பார்ப்பதும் மனிதரை முகாமில் அடைத்துப் பார்ப்பதும் ஒரே நிர்வாகத் தருக்கத்தின் இரு கிளைகள். தொழிலாளி நோய் கொண்டுவரக்கூடியவன் என்று கருதப்பட்டான். நோயை அறியக்கூடியவன் என்று கருதப்படவில்லை.

5. பெயரும் அறிவும்

'கோமாரி' என்ற சொல்லில் 'கோ' என்பது மாடு. 'மாரி' என்பது அம்மையையும் அதற்குரிய தெய்வத்தையும் ஒருங்கே குறிப்பது. இச்சொல் மாட்டுக் கொள்ளைநோய்க்குப் பொதுப்பெயராகவும், கால்வாய் நோய்க்குச் சிறப்புப்பெயராகவும் வழங்கி வந்துள்ளது. ஆங்கிலத்தில் 'மரெய்ன்' என்ற சொல்லும் நெடுங்காலம் எல்லா மாட்டுநோய்க்கும் பொதுவாக வழங்கியதேயாகும். ஆகவே பொதுப்பெயரிட்டமை தமிழருக்கே உரிய குறைபாடன்று. ஆய்வுகூடம் தோன்றுமுன் எல்லாச் சமூகங்களும் நோயை அதன் தோற்றத்தாலும் விளைவாலுமே பெயரிட்டன.

ஆயினும் மக்கள் வழக்கில் நுண்ணிய வேறுபடுத்தல்களும் உள்ளன. உடற் காங்கையையும் கழிச்சலையும் முதன்மைப்படுத்தும் 'வெக்கை' ஒன்று. வாயும் காலும் புண்ணாகும் 'காணை' மற்றொன்று. இவ்வேறுபாடு மிருக வைத்தியரின் வேறுபாட்டுடன் பெரிதும் ஒத்துச்செல்கிறது. வாயில் மட்டும் புண்ணிருந்தால் ஐயம்; காலிலும் கொப்புளமிருந்து நொண்டினால் கால்வாய் நோய்; புண்ணோடு கடுங்கழிச்சல் கண்டு மந்தை முழுதும் மடிந்தால் வெக்கை. ஏட்டுச்சுவடிகளில் எழுதப்பட்டு, பின்னர் அச்சேறிய மாட்டு வாகடங்கள் இவ்வறிவின் எழுத்துவடிவமாகும். நாள்தோறும் மாட்டைத் தொட்டுக் கறப்பவரின் அறிவு அவற்றுக்கு அடித்தளம்.

நாம் இவ்வறிவைக் கற்பனாவாத நோக்கில் புகழவும் கூடாது. கண்ணுக்குப் புலப்படுமுன் நோய் தொற்றும் என்பதை வாகடம் அறியாது. அயல்வீட்டு மாட்டுக்கு வாய் கழுவிய கையோடே தன் மாட்டின் மடியைத் தொடுபவர், அன்பினாலேயே நோயைக் கொண்டுசெல்கிறார். தெய்வக்குற்றம் என்ற விளக்கம், சிலவிடங்களில் அந்நியர் ஊருள் நுழைவதைத் தடுத்து நன்மை பயந்திருக்கலாம். வேறிடங்களில் பூசைக்காக ஊரையும் மாட்டையும் ஒன்றுகூட்டித் தீமை பயந்திருக்கலாம். மக்களறிவின் வலிமை அவதானத்தில். அதன் எல்லை காரணத்தில். அறிவியலின் வலிமை காரணத்தில்; அதன் எல்லை, அவதானிப்பவரிடமிருந்து அது தூரத்தே இருப்பதில். இவ்விரண்டும் சந்திக்கவேண்டிய தேவை உண்டு. வர்க்க அமைப்பு அச்சந்திப்பைத் தடுத்து வந்துள்ளது.

6. அக்கரப்பத்தனையின் மாடு

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் அனைத்தினூடாகவும் ஒன்று மாறவில்லை: மாடு வளர்க்கும் தொழிலாளிக்குப் புல் விளையும் நிலம் சொந்தமில்லை. பகல் முழுதும் கொழுந்தெடுத்த பெண் மாலையில் ஓடைக்கரையிலும் தேயிலை ஓரத்திலும் புல் அறுத்துக் கட்டாகச் சுமந்து வருகிறாள். பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. சாணம் மரக்கறித் தோட்டங்களுக்கு எருவாக விலைப்படுகிறது. கன்று, பிள்ளையின் படிப்புச் செலவுக்கோ திருமணத்துக்கோ இருக்கும் வைப்பு. 2015 இன் பின்னர் முன்னெடுக்கப்பட்ட தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர் ஆகும். வீடு, கழிவறை, முற்றம் போக எஞ்சும் இடத்தில் தொழுவம் எங்கே அமையும் என்பதைத் திட்டம் வரைந்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

இதே மலைத்தொடரில் அம்பேவலை, போப்பத்தலாவை முதலிய பெரும் பண்ணைகள் உள்ளன. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளுக்கு 2012 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கறவை மாடுகள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டன. வேலியிடப்பட்ட புல்வெளி, வாசலிற் கிருமிநீக்கும் தொட்டி, சம்பளம் பெறும் மிருக வைத்தியர் என்பன பெரும் பண்ணையின் பாதுகாப்புகள். லயத்து மாடோ அடுத்த லயத்து மாட்டோடு மூக்குரசும் தூரத்திற் கட்டப்பட்டிருக்கிறது. புல் அறுக்கும் அரிவாள், பால் அளக்கும் வாளி, சினைக்கு மாட்டை ஓட்டிச்செல்லும் பாதை ஆகிய யாவும் பொது. வைரசு வேலியை மதிப்பதில்லை. ஆகவே பெரும் பண்ணையின் பாதுகாப்பும் ஈற்றில் லயத்து மாட்டின் பாதுகாப்பிலேயே தங்கியுள்ளது.

கால்வாய் நோய் இலங்கையில் நிலைகொண்டுவிட்ட நோய். 1997 இலும் 2014 இலும் அது நாட்டின் பல பாகங்களிற் கடுமையாகப் பரவிற்று. அதன் வைரசு ஏழு வகைப்படும். ஒன்றுக்குப் பெற்ற எதிர்ப்பு மற்றொன்றைத் தடுக்காது. தடுப்பூசி தரும் பாதுகாப்பும் மாதக்கணக்கிலேயே நிற்பதால் மீண்டும் மீண்டும் ஏற்றவேண்டும். 2020 செப்டெம்பரில் வேறொரு வைரசு நோயும் வடக்கிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தோலெங்கும் உருண்டைக் கட்டிகள் எழும்பும் இந்நோய் 1929 இல் இன்றைய சாம்பியாவிற் பதிவானது. கொசு, கடியீ, உண்ணி ஆகியவற்றால் அது பரவுகிறது. 2023 இல் வடமேல் மாகாணத்திலும் பிறவிடங்களிலும் அது பெருகிற்று. மந்தைகளைப் பெயரிட்டழைக்கும் மக்களே இக்கட்டிகளை முதலிற் கண்டனர் என்பதில் ஐயமில்லை. தோலில் எழும் கட்டியை மறைக்கவியலாது.

ஆனால் கால்வாய் நோயின் முதற்கட்டத்தை மறைக்கலாம். ஒருநாள் பால் குறைகிறது. எச்சில் சற்றே வடிகிறது. மாடு ஒரு காலை உதறுகிறது. இவ்வேளையிற் செய்தி சொன்னால் என்ன நேரும்? பால் நிலையம் பாலை ஏற்க மறுக்கலாம். நடமாட்டத் தடை வரலாம். விலைபேசிய கன்றை வாங்குபவன் பின்வாங்குவான். எங்கே மாடு கட்டியிருக்கிறாய், யார் அனுமதித்தது என்ற கேள்வியும் தோட்ட நிர்வாகத்திடமிருந்து எழலாம். இவற்றுள் ஒவ்வொன்றும் மாதச் சம்பளத்தின் ஒரு பங்கை விழுங்கக்கூடியது. எனவே, 'நாளை பார்ப்போம்' என்று ஒரு குடும்பம் முடிவுசெய்தால் அதனை அசட்டை என்றோ அறியாமை என்றோ சொல்வதற்கில்லை. அது அக்குடும்பத்தின் பொருளாதாரக் கணிப்பு. அந்த ஒருநாளிலே நோய் லயத்தின் மறுகோடியை அடைந்துவிடுகிறது. அம்பாந்தோட்டைச் சேனைக்காரன் 1910 இல் எதிர்கொண்ட தெரிவுக்கும் இதற்கும் இடையே உள்ள தொடர்ச்சி வாசகருக்குப் புலனாகும்.

7. திரும்பி வந்த வெக்கையும் அதன் முடிவும்

வெக்கை இலங்கையில் நாற்பதுகளின் நடுப்பகுதியில் ஒழிக்கப்பட்டிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு தலைமுறை மிருக வைத்தியர் அதனைப் பாடநூலில் மட்டுமே கண்டனர். 1987 இல் இந்திய அமைதிகாக்கும் படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது திரும்பி வந்தது. ஆட்டில் இந்நோய் பெரும்பாலும் மெலிந்த வடிவிலே தோன்றும். எனவே கண்ணிற் படாது. அங்கிருந்து மாட்டுக்கும் எருமைக்கும் தாவியபோது அதன் முழு வடிவம் வெளிப்பட்டது. போர்க்காலத்தில் மிருக வைத்தியர் செல்லவியலாத ஊர்கள் பல இருந்தன. படை செல்லும் பாதையிலே வெக்கை செல்லும் என்ற பழைய விதி மீண்டும் மெய்யாயிற்று. எரித்திரியாவுக்கு அதனைக் கொண்டுசென்றதும் இத்தாலியப் படையின் மாடுகளே. இலங்கையின் இறுதி நோயாளி மாடுகள் 1994 இற் பதிவாயின. உலகின் இறுதி நிகழ்வு 2001 இல் கென்யாவின் காட்டெருமைகளிடையே கண்டறியப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் உலக விலங்குச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் வெக்கை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென அறிவித்தன. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்ததாக முற்றாக ஒழிக்கப்பட்ட நோய் இதுவேயாகும்.

அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பது எமது எடுகோளுக்கு முக்கியமானது. வைரசு ஒரே வகையினது, தப்பிய மாட்டில் அது ஒளிந்திருப்பதில்லை, பூச்சிகளால் பரவுவதில்லை. 1960 அளவில் பிளவ்றைற் உருவாக்கிய தடுப்பூசி வாழ்நாட் பாதுகாப்புத் தந்தது. இவை இயற்கையும் ஆய்வுகூடமும் தந்த வாய்ப்புகள். ஆயினும் குளிர்ப்பெட்டி செல்லாத, அரசின் கை எட்டாத மேய்ச்சல் நிலங்களில் நோய் எஞ்சி நின்றது. வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசி உருவானபின், 1990களில் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் தென்சூடானிலும் இடையர்களே பயிற்சி பெற்று ஊசி ஏற்றினர். நோய் எங்கே பதுங்கியிருக்கிறது என்பதை அறிய ஆய்வாளர் இடையரின் சொற்களைக் கற்றனர். அவர்கள் இந்நோய்க்கு இட்ட பெயரையும், சொன்ன அடையாளங்களையும், கண்ட ஆண்டையும் கேட்டுப் பதிந்தனர். நூறு ஆண்டுகளாகச் சட்டத்தாலும் துப்பாக்கியாலும் முடிக்கவியலாத வேலையின் கடைசிப் பகுதி, மாட்டை மேய்ப்பவனின் அறிவை ஏற்றுக்கொண்டபின் முடிந்தது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மலையகத்தின் கால்நடைத் தொற்றுநோய் வரலாறு பெருந்தோட்ட வரலாற்றின் அங்கம். வண்டிமாடும் எருமாடும் லயத்துக் கறவையும் வெவ்வேறு காலத்து உற்பத்தி உறவுகளைக் காட்டுகின்றன. இரண்டாவது, நோயைக் கண்டறிதல் கண்ணின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று; கண்டதைச் சொல்வதால் கெட்டழியாத நிலை சொல்பவருக்கு வேண்டும். மூன்றாவது, மக்களறிவும் ஆய்வுகூட அறிவும் சமமாகச் சந்திக்கும்போதே பெருநோய் ஒழிகிறது.

இதிலிருந்து நடைமுறைக் கோரிக்கைகளும் எழுகின்றன. லயத்து மாட்டுக்குத் தொழுவநிலமும் புல்நிலமும் உரிமையாக வழங்கப்படவேண்டும். நோய் அறிவித்த குடும்பத்துக்குப் பால் இழப்பும் மாட்டிழப்பும் உறுதியாகவும் விரைவாகவும் ஈடுசெய்யப்படவேண்டும். தோட்டந்தோறும் ஓரிருவர், குறிப்பாக மாடு வளர்க்கும் பெண்கள், தமிழிலே பயிற்சி பெற்று, முதலடையாளம் கண்ட அன்றே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் செய்தி சொல்லக்கூடியவராதல் வேண்டும். கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு அக்கரப்பத்தனைத் தொழுவத்தை எட்டுவதற்கு வேறு குறுக்குவழி இல்லை.

எமது துறையினருக்கும் ஒரு பணி காத்திருக்கிறது. மலையக நாட்டார் வழக்கில் மாட்டுநோய்களுக்கு வழங்கும் பெயர்களும், அடையாளங்களும், கைவைத்திய முறைகளும், அவை குறித்த முதியோரின் நினைவுகளும் இன்னும் முறையாகத் திரட்டப்படவில்லை. அவற்றைத் திரட்டுவதை மொழியாய்வு என்று மட்டும் கருதிவிடலாகாது. தோட்டத்துப் பெண்ணொருத்தி 'மாட்டுக்குக் காணை கண்டிருக்கு' என்று சொல்லும்போது அதனைக் கேட்கும் அலுவலருக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்குமாயின், ஒருநாள் மிச்சமாகும். இந்நோயிடத்து ஒருநாள் என்பது ஒரு லயத்தின் அத்தனை மாடுகளுமாகும்.